வண்ணாரப்பேட்டையிலிருந்து வங்கக் கடல் வரை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், காற்று வாகாக இருக்கும் நாட்களில் கடல் வாசனை வரும். நடு ராத்திரியில் துறைமுகத்துக் கப்பல் ஊதுவது படுக்கையில் படுத்தபடியே கேட்கும். பழைய வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரம் கடலுக்கும் ஒன்றரை கிலோ மீட்டர் இருந்தால் அதிகம். அப்படியிருந்தும் என் சின்ன மகள் 16 வயது முடியும் வரை கடலைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அந்தக் குறை என்னுடையது.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இப்போதெல்லாம் அப்படிக் கூப்பிட்டால் முறைக்கிறாள். பிறந்தபோது அவள் உடனே அழவில்லை. மூச்சு வர நேரம் ஆயிற்று. ஒரு வயதாகியும் உட்காராதபோதுதான் டாக்டர் 'மூளை முடக்குவாதம்' என்ற வார்த்தையைச் சொன்னார். பெயரைக் கேட்டு நான் பயந்தது போல் நீங்கள் பயப்பட வேண்டாம். இது தொற்று நோய் அல்ல. யாருடைய பாவத்தின் சம்பளமும் அல்ல. கை கால்களை ஆட்டி வைக்கிற மூளைப் பகுதியில் ஏற்பட்ட சேதம், அவ்வளவுதான். அறிவு நன்றாகவே இருக்கும் பிள்ளைகள் இதில் நிறையப் பேர். என் மகளுக்கு வலது கையும் இரண்டு கால்களும் விறைப்பு. பேச்சு மெதுவாக வரும். ஆனால் மளிகைக் கணக்கில் என் தப்பைக் கண்டு பிடிப்பவள் அவள்தான்.

இந்தப் பதினாறு வருஷத்தில் நான் என்னவெல்லாம் செய்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணெய் தேய்த்தேன், பயிற்சிக்குத் தூக்கிப் போனேன், காலணி அளவெடுத்தேன், சிறப்புப் பள்ளியில் சேர்த்தேன், அடையாள அட்டைக்கு வரிசையில் நின்றேன். அவள் விளையாடினாளா என்று மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக் கொள்ளவில்லை. மூத்தவன் பள்ளிக்கூடம் விட்டால் பையை வீசி விட்டுத் தெருவுக்கு ஓடுவான். இவள் வாசல் நடையில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பார்ப்பாள். அதுவே அவளுக்குப் பொழுதுபோக்கு என்று நான் திருப்திப்பட்டுக் கொண்டேன்.

எங்கள் பேட்டையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுப்பவர்களைக் குடியமர்த்திய இடம் என்பதால் இந்தப் பெயர். துணி இன்னும் எங்களை விடவில்லை. எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம் கால் வைக்க இடம் கிடைக்காது. ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், ஒரு பக்கம் காசிமேட்டு மீன்கூடைகள், நடுவில் எங்கள் ஒண்டிக் குடித்தன வீடுகள். தெருதான் எங்களுக்குக் கூடம், தெருதான் திண்ணை, தெருதான் மைதானம். கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் எல்லாம் வட சென்னைப் பிள்ளைகளுக்குப் பால் பற்களோடு முளைக்கிற ஆசைகள். காலில்லாமல் ஆடக் கூடியது அதில் ஒன்றே ஒன்றுதான். அதை நான் கவனிக்கவே பல வருஷம் ஆனது. அந்தக் கதை பிறகு.

பூங்கா இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா ஒரு சரித்திரமே. 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் தி.மு.க. தொடங்கப்பட்ட கூட்டம் அங்கேதான் நடந்தது. நான் போய்த் தலையில் அடித்துக் கொண்டு திரும்பியது வேறொரு சின்னப் பூங்காவில். ஸ்கூட்டர்காரர்கள் உள்ளே வந்து விடக் கூடாது என்று வாசலில் இரும்புக் குழாயை வளைத்து வளைத்துப் போட்டிருந்தார்கள். ஒல்லியான ஆள் உடம்பைத் திருப்பி நுழையலாம். சக்கர நாற்காலி நுழையாது. காவல்காரர் நல்ல மனிதர். "நாற்காலிய வெளிய வுட்டுட்டு, பாப்பாவத் தூக்கினு வாங்கம்மா" என்றார். அப்போது அவளுக்குப் பத்து வயது. தூக்கிப் போய் ஊஞ்சலில் வைத்தேன். முதுகுக்குப் பிடிமானம் இல்லாததால் பின்பக்கமாகச் சரிந்தாள். பிடித்து விட்டேன், அடி படவில்லை. ஆனால் அங்கிருந்த பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தி விட்டு எங்களையே பார்த்தார்கள். "வீட்டுக்குப் போலாம்மா" என்றாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் பூங்கா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கடல் ஆசை வந்தது தொலைக்காட்சியால். 2022 நவம்பர் 27-ல் மெரினாவில் மாற்றுத் திறனாளிகளுக்காக நிரந்தரமாக ஒரு மரப் பலகைப் பாதை திறந்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் கடலைப் பார்த்துக் கண் கலங்கியதைச் செய்தியில் காட்டினார்கள். அதற்கு முன்னெல்லாம் டிசம்பர் 3, உலக மாற்றுத் திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகமாகப் பாதை போட்டு எடுத்து விடுவார்களாம். சங்கங்கள் வருஷா வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் இது நிலையாக வந்தது. என் மகள் அந்தச் செய்தியைப் பார்த்து விட்டு, "நான் எப்ப?" என்றாள். இரண்டே வார்த்தைதான்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்தது. டிசம்பர் 9 ராத்திரி கரையைக் கடந்த அந்தப் புயலில் பாதையின் கடல் பக்கத்து முனை பெயர்ந்து போயிற்று. எங்கள் அதிர்ஷ்டம் அப்படி என்று நான் நொந்து கொண்டேன். பழுது பார்த்துத் திரும்பத் திறந்தார்கள். நாங்கள்தான் அது இது என்று தள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

"வீட்டுக்குப் பின்னாடி கடல வச்சிக்கினு மெரினாவுக்கு ஏங்க்கா போறீங்க?" என்று எதிர் வீட்டுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் சாலை ஓரமாகப் போய்ப் பாருங்கள், பல இடங்களில் மணலே கிடையாது. அலையைத் தடுக்க ஆள் உயரக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல்லின் மேல் ஏறி நின்றால்தான் தண்ணீர் தெரியும். என் மாமியாரின் பாட்டி அந்தக் கரையில் மணலில் விளையாடியதாகச் சொல்வார்களாம்.

அந்த மணல் எங்கே போயிற்று தெரியுமா? மெரினாவுக்குத்தான் போயிற்று என்று சொன்னால் முழுப் பொய் ஆகாது. நம்முடைய கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும் பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக் கொண்டே போகும். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். 1881-ல் ஒரு புயல் அதை அடித்து நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போகிற மணல் அந்தச் சுவரில் முட்டிக் கொண்டு தெற்குப் பக்கத்திலேயே குவிந்தது. அதுதான் இன்றைய அகன்ற மெரினா. சுவருக்கு வடக்கே புது மணல் வரவில்லை. இருந்ததையும் அலை அரித்துக் கொண்டு போனது. அதுதான் எங்கள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். என் கணவர் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர். இதை விளக்கி விட்டுச் சிரித்தார்: "நம்ம பக்கம் மணல் இல்லாததால போக முடியல. அந்தப் பக்கம் மணல் அதிகமானதால போக முடியாம பலகை போட்டிருக்காங்க."

பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் இது நடந்திருக்காது. பஸ்ஸில் மூன்று படி ஏற்ற வேண்டும், ஆட்டோவில் நாற்காலியை மடித்துத் திணிக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்தது. 2021-ல் அது விம்கோ நகர் வரை நீண்டது. நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட் காட்டும் இடத்தில் நாற்காலி போக அகல வழி இருக்கிறது. பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே மட்டம். வண்டியை உருட்டிக் கொண்டு உள்ளே போனபோது என் முதுகு எனக்கு நன்றி சொன்னது! மண்ணடி, உயர்நீதிமன்றம், சென்ட்ரல், அடுத்தது அரசினர் தோட்டம். அங்கே இறங்கினோம். வீட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை நிலையம் வரை லாரிக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே தள்ளிக் கொண்டு வந்ததுதான் பெரிய பயணம். ரயிலில் போனது ஒன்றுமே இல்லை. இறங்கின பிறகு கடற்கரைச் சாலை வரை நடைபாதையில் உருட்டலாம் என்று நினைத்தோம். கொஞ்ச தூரத்தில் குட்டைத் தூண்கள் மறித்தன. ஆட்டோ பிடித்தோம்.

பாதையின் நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி. செய்தித்தாளில் படித்தபோது அது வெறும் எண். உருட்டிப் போகும்போதுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. சக்கரம் பலகைகள் மேல் 'டக டக' என்று ஓசை எழுப்ப, அவள் அந்தத் தாளத்துக்குத் தலையை ஆட்டிக் கொண்டே வந்தாள். இரண்டு பக்கமும் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடும் பலகை, குதிரைச் சவாரி. மற்ற பிள்ளைகள் மணலில் ஓடிக் கொண்டே பார்ப்பதை இவள் உட்கார்ந்து கொண்டே பார்த்தாள், உயரமான இடத்திலிருந்து.

ஒரு வருத்தமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனதால் பாதையில் பாதிப் பேர் நன்றாக நடக்கக் கூடியவர்கள். மணல் ஒட்டாமல் நடக்கலாம் என்று வந்திருக்கிறார்கள். கைப்பிடி மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். என் கணவர் இருபது தடவையாவது "தம்பி, கொஞ்சம் வழி" என்று சொல்லியிருப்பார். ஒரு கல்லூரிப் பெண் பார்த்து விட்டு, முன்னால் போய் "அண்ணா நகருங்க, அக்கா நகருங்க" என்று வழி செய்து கொண்டே கடைசி வரை வந்தாள். அவளைப் பெற்றவள் நன்றாக இருக்கட்டும். நடக்க முடிந்த சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பாதையில் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பின்னால் சக்கரச் சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்குங்கள்.

பாதை முடிகிற இடத்தில் நின்று பார்க்க ஒரு மேடை. அலை அதற்கு அப்பால், மணலைத் தாண்டி. கடலைப் பார்த்ததும் என் மகள் பேசவே இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து, "தொடணும்" என்றாள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். 16 வயதுப் பெண், முப்பத்தைந்து கிலோ. அவர் இரண்டு கையாலும் வாரித் தூக்கிக் கொண்டார். மணலில் கால் புதையப் புதைய நடந்தார். பக்கத்தில் சுண்டல் விற்ற அம்மா ஒருத்தி தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கொண்டு ஓடி வந்தாள். "இந்தாம்மா, இதுல குந்த வை கொயந்தைய. நான் நின்னுக்கினு விக்கிறேன்" என்றாள். ஈர மணலில் நாற்காலியை அழுத்தி ஊன்றி, அவளை உட்கார வைத்தோம்.

இங்கே தாய்மாருக்கு ஒரு வார்த்தை. விறைப்பு உள்ள பிள்ளைகளுக்குச் சில்லென்ற தண்ணீர் திடீரென்று பட்டால் தசை இன்னும் இறுகிக் கொள்ளும். பிள்ளை பயப்படுகிறது என்று நினைப்போம், அது பயமாக இருக்காது. முதலில் ஈரக் கையால் பாதத்தைத் தடவி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும். எனக்கு அது அப்போது நினைவில்லை. முதல் அலை வந்து அவள் இரண்டு காலையும் நனைத்ததும் உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது. நான் பதறிப் போய்த் தூக்கப் போனேன். அவள் இடது கையால் என் கையைத் தட்டி விட்டாள். சிரித்தாள். அடுத்த அலைக்காகக் காலைத் தளர்த்திக் கொண்டு காத்திருந்தாள். பயிற்சியில் அவள் காலைத் தளர்த்தச் சொல்லி மாதக் கணக்கில் கெஞ்சியவள் நான்!

இருட்டிய பிறகு திரும்பினோம். சுண்டல்கார அம்மாவிடம் நாலு பொட்டலம் வாங்கினோம். நாற்காலிக்குக் காசு கொடுத்தால் வாங்க மறுத்து விட்டாள். ரயிலில் என் மகள் கேட்டாள்: "மறுபடி எப்போ?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன். சுரங்க ரயிலில் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும்? வெறும் இருட்டுதான். போய் வர ஒரு முழு நாள். தூக்க என் கணவர் வேண்டும், அவருக்கும் ஐம்பது ஆகப் போகிறது. மூத்தவனுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்திருக்குமா? விளையாட்டு என்பது அவனுக்குத் தினம் உண்டு. இவளுக்கு அது திருவிழா.

வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். கடல் மணலும் உப்பும் பேரிங்கைத் தின்று விடும், மறந்து விடாதீர்கள். வெகு நேரம் உட்கார்ந்தே இருந்ததால் இடுப்பிலும் பின்புறத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். வெளியே போனால் அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் தூக்கி உட்கார வைத்தால் புண் வராது.

அவளுடைய பள்ளி ஆசிரியையிடம் இந்தப் பயணத்தைச் சொன்னேன். அவர்தான் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் 29-ஆம் பிரிவு முழுக்கக் கலையும் பொழுதுபோக்கும்தானாம். பொழுதுபோக்கு மையங்களை அரசு வளர்க்க வேண்டும். சாரணர் இயக்கம், நடனம், ஓவிய வகுப்பு, வெளிப்புற முகாம், சாகச விளையாட்டு இவற்றில் இவர்கள் கலந்து கொள்ள வழி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அடுத்த பிரிவு விளையாட்டுக்கு. நான் அசந்து போனேன். உதவித் தொகையும் பஸ் பாஸும் சட்டத்தில் இருக்கும் என்று தெரியும். என் மகள் விளையாடுவது கூடவா சட்டத்தில் இருக்கிறது! சாகச விளையாட்டு வேறு! நான் அவளை மாடிப்படி ஏற்றுவதையே சாகசமாக நினைத்துக் கொண்டிருந்தேன்.

மற்ற ஊர்களில் எப்படி என்று விசாரிக்கத் தோன்றியது. என் சித்தி மகள் கனடாவில் டொரான்டோ நகரத்தில் இருக்கிறாள். அங்கே நகராட்சியே இதற்கென்று நிகழ்ச்சிகள் நடத்துகிறதாம். நீச்சல், கைவேலை, விளையாட்டு எல்லாம் உண்டு. இவர்களுக்கு மட்டுமே என்று சில வகுப்புகள். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஆட விரும்பினால், பக்கத்தில் நின்று உதவ ஓர் ஆளுக்கும் கேட்கலாம். வசதி இல்லாத குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை. "அக்கா, இங்க அது தர்மம் இல்ல. குப்பை வண்டி வர்ற மாதிரி அதுவும் வரும்" என்றாள். குப்பை வண்டியோடு ஒப்பிட்டாளே என்று முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். கிழமை தவறாமல், நாம் நன்றி சொல்லாமலே வர வேண்டியது அது.

பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்பீர்கள். பெங்களூரில் 2006-லேயே கோல்ஸ் பூங்காவில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வந்து விட்டது. அதன் பின்னால் இருந்தது 'கிலிகிலி' என்ற பெற்றோர் அமைப்பு. நம்மைப் போன்றவர்கள்தான். நம் சென்னையிலும் 2019 ஜனவரியில் சாந்தோம் பக்கம் சிறப்புக் குழந்தைகளுக்கென்று மாநகராட்சி ஒரு பூங்கா திறந்தது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்குப் பிரெயில் பிரிவு இருக்கிறது. மெரினாவைப் போலவே பெசன்ட் நகர் கடற்கரையிலும் பிறகு பாதை போட்டார்கள். எல்லாம் நல்ல காரியம், மறுக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று இந்த இடங்களை எண்ணிப் பாருங்கள். சாந்தோம், கோட்டூர்புரம், மெரினா, பெசன்ட் நகர். மணல் மாதிரிதான். எல்லாம் துறைமுகத்துக்குத் தெற்கே.

2024-ல் பாரிஸில் நடந்த பாராலிம்பிக்கில் நம் துளசிமதி முருகேசன் பாட்மின்டனில் வெள்ளி வாங்கினாள். மனீஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் வாங்கினார்கள். சேலத்து மாரியப்பன் தங்கவேலு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று தொடர்ந்து மூன்று போட்டியில் பதக்கம் கொண்டு வந்தார். வீட்டில் எல்லோரும் கை தட்டினோம். உறவுக்காரர் ஒருவர், "உன் பெண்ணையும் இப்படித் தயார் பண்ணு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூத்தவன் தெருவில் பந்து உதைத்தபோது யாரும் அவனை உலகக் கோப்பைக்குத் தயார் பண்ணச் சொல்லவில்லையே. ஆடட்டும் என்று விட்டார்கள். என் மகளுக்கு மட்டும் ஆடுவதற்குக் காரணம் வேண்டுமா?

இப்போது கேரம் கதைக்கு வருகிறேன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றாள். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். பேட்டை முழுக்கப் பட்டாசுதான். அதற்கு முன்பே சென்னையிலிருந்து மரிய இருதயம் என்பவர் உலக சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருதும் வாங்கியிருக்கிறார். காசிமா ஜெயித்த பிறகு எங்கள் தெருவில் அதுவரை பையன்கள் மட்டும் ஆடிக் கொண்டிருந்த பலகையில் பெண் பிள்ளைகளும் கை வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் என் மகள், "அது உக்காந்துதானேம்மா ஆடறாங்க?" என்றாள். இவ்வளவு வருஷம் எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

தெரு முனையில் கேரம் நடத்துகிற தம்பியிடம் போய்க் கேட்டேன். கேட்கவே கூச்சம். எங்கே மறுத்து விடுவாரோ என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்துக் கொண்டு போனேன். அவர் சாதாரணமாக, "இட்டாங்கக்கா, அதுக்கென்ன" என்றார். முதல் நாள் சக்கர நாற்காலியின் கால் பலகை ஸ்டாண்டின் குறுக்குக் கட்டையில் இடித்தது. அவளால் பலகையை நெருங்க முடியவில்லை. தம்பி தலையைச் சொறிந்தார். மறுநாள் பழைய ஸ்டாண்டை எடுத்து விட்டு, குறுக்குக் கட்டை இல்லாத இரண்டு உயர ஸ்டூல்களைப் போட்டு அதன் மேல் பலகையை வைத்தார். நாற்காலி நேராக உள்ளே போயிற்று. வாசலில் இருந்த ஒற்றைப் படிக்கு, வெல்டிங் பட்டறையில் கிடந்த தகரப் பலகை ஒன்றைச் சரிவாகச் சாத்தினார்கள். செலவு என்று பார்த்தால் ஸ்டூலுக்கு வாடகை கூட இல்லை.

அவளுக்கு வலது கை ஒத்துழைக்காது. இடது கைக் கட்டை விரலால் தள்ளி ஆடுகிறாள். முதல் மாதம் ஸ்டிரைக்கர் நாலு அங்குலம் நகர்ந்தால் அதிகம். போரிக் பவுடரைத் தூவித் தூவி முகமெல்லாம் வெள்ளை. இப்போது நேர் காயைப் போடுகிறாள். சனி, ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அவள் முறை. காலையிலிருந்தே மணி பார்க்க ஆரம்பித்து விடுவாள்.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2025 ஜூன் 30-ல் எங்களுக்குப் பக்கத்து வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்களை ஓட விட்டார்கள். தரை தாழ்வாக, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி வடிவமைத்தவை. ஒரு தரம் ஏறிப் பார்த்தோம். கண்டக்டர் சாய்வுப் பலகையை இறக்கினார், மற்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். மழைக் காலம் கழித்து மறுபடி கடலுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மறுபடி எப்போ என்ற கேள்விக்கு ஒரு தேதி சொல்லியிருக்கிறேன். அந்தச் சின்னப் பூங்காவின் குழாய் வாசலைப் பற்றியும் மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். எங்கள் தெருவில் பன்னிரண்டு தாய்மார் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் நாலு பேருக்குத் தள்ளு வண்டிக் குழந்தை. அவர்களுக்கும் அந்த வாசலில் நுழைய முடியவில்லையாம். வருஷக் கணக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளாமலே இருந்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இன்னொன்று எழுதுவேன்.

போன சனிக்கிழமை ராத்திரிச் சமையலுக்கு அரிசி களைந்து கொண்டிருந்தேன். தெரு முனையில் ஒரே கூச்சல். ஈரக் கையோடு ஓடினேன். யாரோ என் பெண்ணைக் கேலி செய்து விட்டார்கள் என்றுதான் என் நெஞ்சு அடித்துக் கொண்டது. போய்ப் பார்த்தால் அவள்தான் கத்திக் கொண்டிருக்கிறாள். சிவப்பைப் போட்டு விட்டாளாம், ஆனால் ஸ்டிரைக்கரும் கூடவே குழிக்குள் விழுந்து விட்டதாம். பக்கத்து வீட்டுப் பையன் விட்டுக் கொடுக்கவில்லை. "சிவப்ப எடுத்து நடுவுல வை. ஒரு காயும் வெளிய வை. யாரா இருந்தா எனக்கென்ன, ரூல்ஸ் ரூல்ஸுதான்" என்கிறான். "நீ பலகைய ஆட்டினடா!" என்கிறாள் இவள், ஒவ்வொரு வார்த்தையாக, முகம் சிவக்க.

நான் நடுவில் போகவில்லை. திரும்பி வந்து உலை வைத்தேன். சாதம் கொதித்த பிறகும் சண்டை முடியவில்லை.